கோமாட்டி: உலை அணைந்த பிறகு வந்த உதவி

2022 அக்டோபர் 31 அன்று தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி அனல்மின் நிலையத்தில் கடைசி அலகு நிறுத்தப்பட்டது. 1961இல் ஓடத் தொடங்கிய நிலையம் அது. நான்கு நாள் கழித்து, நவம்பர் 4 அன்று, அந்த நிலையத்தைச் சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலைக்கும் மாற்றவும், அங்குள்ள மக்களுக்கு வேறு பிழைப்பு உண்டாக்கவும் 49.7 கோடி டாலர் தர உலக வங்கி ஒப்புதல் கொடுத்தது.

இந்த இரண்டு தேதிகளும் இடம் மாறியிருக்க வேண்டும், அதுவும் நடுவில் மூன்று நான்கு ஆண்டு இடைவெளியோடு. வளரும் நாடு ஒன்று பசுமைப் பொருளாதாரத்துக்கு மாறுவதற்கு மற்ற நாடுகள் எப்படிக் கைகொடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய இடம் கோமாட்டிதான். அங்கே நல்ல எண்ணம் இருந்தது, பணமும் வாக்களிக்கப்பட்டது, திட்டமும் எழுதப்பட்டது. ஆனாலும் ஊர் ஏமாந்துபோனது. எது முன்னால் நடக்க வேண்டும், எது பின்னால் நடக்க வேண்டும் என்ற வரிசை தவறியதுதான் காரணம் என்பது என் முடிவு.

நிலக்கரியில் நிற்கும் மாகாணம்

தென்னாப்பிரிக்காவின் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருகிறது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் கரியமில வாயுவை அதிகம் வெளியிடும் நாடும் அதுவே. மின் உற்பத்தியில் பெரும்பங்கு எஸ்காம் என்ற அரசு நிறுவனத்தின் கையில். எஸ்காமின் 15 நிலக்கரி நிலையங்களில் கோமாட்டி உட்பட 12 ம்புமலாங்கா என்ற ஒரே மாகாணத்தில் இருந்தன. நாட்டில் வெட்டப்படும் நிலக்கரியில் சுமார் 80 சதவீதமும் அந்த மாகாணத்து மண்ணிலிருந்தே வருகிறது. சுரங்கங்களில் மட்டும் நேரடியாகச் சுமார் 90,000 பேர் வேலை செய்கிறார்கள். வேலை தேடுவோரில் மூன்றில் ஒருவருக்கு வேலை கிடைக்காத நாட்டில் சுரங்கச் சம்பளம் என்பது ஒருவர் சம்பளம் மட்டும் இல்லை. அதை நம்பி ஊரில் இருக்கும் தாய் தகப்பன், தம்பி தங்கை, அவர்கள் பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே சாப்பிடுகிறது.

அதே நிலக்கரி அந்த மக்களின் மூச்சையும் அடைக்கிறது. அங்கே காற்று மாசு இருக்கும் நிலை, தீங்கில்லாத சூழலில் வாழும் அரசமைப்பு உரிமையை மீறுகிறது என்று 2022 மார்ச்சில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பும், அந்தப் பகுதி மக்களே நடத்தும் இன்னொரு அமைப்பும். அதனால் 'நிலக்கரி ஊர் மக்களுக்குச் சுற்றுச்சூழல் ஒரு பொருட்டில்லை' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புகை நிற்க வேண்டும், அடுப்பும் எரிய வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அதில் என்ன தவறு?

மாற வேண்டிய நெருக்கடி வேறு பக்கங்களிலிருந்தும் வந்தது. நிலையங்கள் கிழடு தட்டிவிட்டன. அடிக்கடி பழுது, பராமரிப்பில் கோளாறு, ஊழல், எல்லாம் சேர்ந்து நாடு முழுவதும் முறைவைத்து மின்வெட்டு. 2022இல் 200 நாட்களுக்கு மேல் மின்வெட்டு இருந்தது. 2023இல் 300 நாட்களைத் தாண்டியது. அப்போது எஸ்காமின் கடன் சுமார் 40,000 கோடி ரேண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்). அதில் 25,400 கோடியை அரசே ஏற்பதாக 2023 பிப்ரவரியில் அறிவிக்க வேண்டி வந்தது. இவற்றுக்கு நடுவே, இரும்பு, அலுமினியம் போன்ற சரக்குகளைச் செய்யும்போது எவ்வளவு கரிமம் வெளியேறியது என்று கணக்குப் பார்த்து எல்லையில் கட்டணம் வசூலிக்கும் ஏற்பாட்டை ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்தது. நிலக்கரி மின்சாரத்தில் உருக்கிய உலோகத்தை ஐரோப்பாவுக்கு விற்கும் நாட்டுக்கு இது நேரடி அடி. பசுமைக்கு மாறுவது தென்னாப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியைக் காப்பாற்றும் வேலையும்கூட.

850 கோடி டாலருக்குள் என்ன இருந்தது

2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் அந்த அறிவிப்பு வந்தது. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை சேர்ந்து, நிலக்கரியிலிருந்து நியாயமான முறையில் விலகுவதற்கு 850 கோடி டாலர் திரட்டித் தருவதாகச் சொல்லின. இப்படி ஒரு கூட்டு ஏற்பாடு உலகில் அதுவே முதல் முறை. அதன் அச்சில்தான் அடுத்த ஆண்டே இந்தோனேசியாவுக்கு 2,000 கோடி டாலர், வியட்நாமுக்கு 1,550 கோடி டாலர் என்று ஒப்பந்தங்கள் வந்தன. பிறகு செனகலும் சேர்ந்தது. ஆகவே தென்னாப்பிரிக்காவில் நடந்தது அந்த ஒரு நாட்டோடு முடிகிற கதை இல்லை.

ஓராண்டு கழித்து, விரிவான முதலீட்டுத் திட்டம் வெளியானபோதுதான் அந்த 850 கோடியின் உள்ளடக்கம் தெரிந்தது. திருப்பித் தர வேண்டாத மானியம் சுமார் 33 கோடி டாலர். மொத்தத்தில் 4 சதவீதம்கூட வராது. சலுகை வட்டிக் கடன் சுமார் 533 கோடி, சந்தை வட்டிக்குக் கிட்டத்தட்டச் சமமான வணிகக் கடன் 150 கோடி, கடனுக்கான உத்தரவாதம் 130 கோடி. மானியத்திலும் கணிசமான பகுதி ஆய்வுகள், ஆலோசகர்கள், பயிற்சிப் பட்டறைகள் போன்ற தொழில்நுட்ப உதவி.

கடன் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. காற்றாலை, சூரிய மின்நிலையம், மின்பாதை இவையெல்லாம் வருமானம் தருபவை. அவற்றுக்குக் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் கிடைத்தால் நல்லதே. ஆனால் மூடப்படும் நிலையத்தின் வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பெண்ணுக்குக் கொடுக்கும் உதவியிலிருந்து எந்த வருமானமும் திரும்பி வராது. வேலை இழந்த வெல்டருக்கு ஓராண்டு உதவித்தொகை கொடுத்தால் அது வட்டி தராது. இந்த மாதிரிச் செலவுக்கு மானியம்தான் பொருந்தும். அந்த மானியம்தான் இந்தப் பொட்டலத்தில் மிகச் சிறியது. 'நியாயமான மாற்றம்' என்று பெயரிலேயே நியாயத்தை வைத்துக்கொண்டு, நியாயத்துக்கான பணத்தை மட்டும் கடைசியில் தேடினார்கள்.

நாட்டின் சொந்தத் திட்டத்திலும் இதே சாய்வு உண்டு. 2023 முதல் 2027 வரை ஐந்தாண்டுக்குத் தேவை 1.48 லட்சம் கோடி ரேண்ட் என்று அந்த முதலீட்டுத் திட்டம் கணக்கிட்டது. 850 கோடி டாலர் என்பது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த 1.48 லட்சம் கோடியில் திறன் பயிற்சிக்கென்று ஒதுக்கிக் காட்டியது வெறும் 270 கோடி ரேண்ட். ம்புமலாங்காவின் நிலக்கரிப் பகுதிக்குச் சுமார் 6,040 கோடி. ஏற்றுமதியை நோக்கிய பசுமை ஹைட்ரஜனுக்கோ, அதாவது புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் தயாரிக்கும் எரிவாயுவுக்கோ, சுமார் 31,900 கோடி. யாருக்கு முதலில் சோறு போட நினைத்தார்கள் என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

பணம் போன வழியும் கவனிக்கத்தக்கது. பிரான்சும் ஜெர்மனியும் ஆளுக்கு 30 கோடி யூரோ சலுகைக் கடனை 2022 நவம்பரில் கொடுத்தன. அது நாட்டின் பொதுக் கருவூலத்துக்குப் போனது. கருவூலத்துக்கு அது நல்ல கடன்தான். வெளிச்சந்தையில் வாங்குவதைவிட வட்டி குறைவு. ஆனால் செய்தியில் '850 கோடி டாலர்' என்று கேட்ட ம்புமலாங்கா மக்கள், 'அந்தப் பணம் எங்கே?' என்று கேட்டபோது காட்டுவதற்கு ஊரில் எதுவும் இல்லை.

மூடிய நாளும் அதற்குப் பின்னும்

கோமாட்டியில் ஒன்பது அலகுகள்: ஐந்து 100 மெகாவாட், நான்கு 125 மெகாவாட். மொத்தம் 1,000 மெகாவாட். 1990 வாக்கில் தேவைக்கு மிஞ்சி மின்சாரம் இருந்ததால் ஒருமுறை அதை நிறுத்திவைத்தார்கள். 2000களின் பிற்பகுதியில் பற்றாக்குறை வந்ததும் பழுதுபார்த்து மறுபடி ஓட்டினார்கள். ஒருமுறை மூடித் திறந்த நிலையம் இன்னொரு முறையும் திறக்கும் என்று ஊரார் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. அப்படி இருக்க, இந்த முறை மூடுவது நிரந்தரம் என்பதை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பேசிப் புரியவைத்திருக்க வேண்டும்.

குடியரசுத் தலைவரின் பருவநிலை ஆணையம் பிற்பாடு கோமாட்டிக்குப் போய் ஆராய்ந்து சொன்னது ஏறக்குறைய இதைத்தான். தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். அலகுகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வந்தன. ஆனாலும் மாற்று வேலைக்கான ஏற்பாடு, ஊர் மக்களோடு பேச்சுவார்த்தை, பயிற்சி எல்லாம் மூடும் நேரம் நெருங்கிய பிறகே சூடு பிடித்தன.

எஸ்காம் தன் நிரந்தர ஊழியர்களை வேலையைவிட்டு நீக்கவில்லை. பலரைப் பக்கத்து மாவட்ட நிலையங்களுக்கு மாற்றியது. இது பாராட்டத்தக்கது. ஆனால் அனல்மின் நிலையத்தை நம்பிய ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது பாதிக் கதை என்பது புரியும். கொதிகலனைச் சுத்தம் செய்பவர், சாம்பல் அள்ளுபவர், சாரம் கட்டுபவர், காவலாளி, உணவகத்துச் சமையல்காரர் இவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். ஆண்டுப் பராமரிப்புக்காக ஓர் அலகை நிறுத்தும்போது வெளியூரிலிருந்து பிட்டர்களும் வெல்டர்களும் வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். வீட்டின் பின்புறம் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டவர்களுக்கு அதுதான் வருமானம். பகிர்வு டாக்சி ஓட்டுபவர் ஷிப்ட் மாறும் நேரத்தை நம்பி வண்டி எடுத்தவர். நிரந்தர ஊழியரை வேறு நிலையத்துக்கு மாற்றியவுடன் அவர் சம்பளம் காப்பாற்றப்படுகிறது. அவர் அந்த ஊரில் செய்துவந்த செலவு காணாமல் போகிறது. ஒப்பந்தத் தொழிலாளருக்கு இரண்டும் இல்லை. அவருடைய பெயர் எஸ்காமின் ஊழியர் பட்டியலில் இல்லாததால் இழப்பீட்டுக் கணக்கிலும் ஏறவில்லை.

உலக வங்கியின் 49.7 கோடி டாலரில் 43.95 கோடி வழக்கமான கடன், 4.75 கோடி கனடா நிதியத்தின் வழியே வந்த சலுகைக் கடன், 1 கோடி மானியம். நிலையத்தைப் பிரித்தெடுப்பது, 150 மெகாவாட் சூரிய மின்சாரம், 70 மெகாவாட் காற்றாலை, பேட்டரிச் சேமிப்பு, ஊர் மக்களுக்கான வாழ்வாதாரத் திட்டம் எல்லாம் அதற்குள். காகிதத்தில் குறை சொல்ல முடியாத திட்டம். ஆனால் அரசு நிறுவனம் ஒன்று உலக வங்கியின் கொள்முதல் விதிப்படி டெண்டர் விட்டு, மதிப்பிட்டு, ஒப்பந்தம் போட்டு, வேலை தொடங்குவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். 2024 முடிந்தபோதும் அந்தப் பெரிய சூரிய மின்நிலையம் மின்சாரம் தரத் தொடங்கவில்லை.

அந்த இடைவெளியில் அங்கே உண்மையிலேயே நடந்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். நிலையத்தின் வளாகத்துக்குள்ளேயே, கண்டெய்னர் வடிவிலான சிறு மின்நிலையங்களைப் பொருத்தும் கூடம் ஒன்றை எஸ்காம் அமைத்தது. கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டிதான் உடம்பு. அதற்குச் சட்டம் அடித்து சோலார் பேனல் தாங்கவைப்பது, உள்ளே பேட்டரி அடுக்குவது, இன்வெர்ட்டர் பொருத்திக் கம்பி இழுப்பது. முடிந்ததும் லாரியில் ஏற்றி, மின்கம்பி போக முடியாத மலைக் கிராமத்திலோ ஒதுக்குப்புறப் பண்ணைக் குடியிருப்பிலோ இறக்கிவைத்தால் வீடுகளுக்கு விளக்கு எரியும். கொதிகலன் குழாயை ஒட்டிப் பழகிய வெல்டருக்கு இந்த வேலை அந்நியமானதில்லை. அதே கை, அதே உலோகம். கேப் தீபகற்பத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மையத்தோடு சேர்ந்து பயிற்சிக்கூடமும் வந்தது. சோலார் பேனலுக்கு அடியில் காய்கறி பயிரிடுவது, மீன் வளர்க்கும் தொட்டி நீரையே செடிக்குப் பாய்ச்சுவது போன்ற மாதிரித் திட்டங்களும் தொடங்கின.

மாதிரித் திட்டங்களைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. தொட்டியில் மீன் வளர்ப்பதை வந்து பார்க்கும் விருந்தினர்களுக்குப் படம் எடுக்க நன்றாக இருக்கும். அதில் சில பத்துப் பேருக்கு வேலை கிடைக்கும். 1,000 மெகாவாட் நிலையம் தாங்கிய ஊரை அது தாங்காது. கண்டெய்னர் கூடம் வேறு வகை. அதற்கு நாடு முழுவதும் வாங்குபவர் இருக்கிறார், ஏற்கனவே உள்ள திறமையைப் பயன்படுத்துகிறது, பெருக்கவும் முடியும். நிலையம் மூடுவதற்கு மூன்றாண்டு முன்னால் இந்தக் கூடம் திறந்திருந்தால், கடைசி அலகு நின்ற அன்று இங்கே ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

மின்வெட்டு அரசியல்

கோமாட்டி மூடியது நாடு இருளில் தவித்த நேரத்தில். '1,000 மெகாவாட்டை வெள்ளைக்காரன் பேச்சைக் கேட்டு மூடிவிட்டார்கள்' என்ற ரீதியில் பேச்சு பரவியது. உண்மையில் மூடும்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஓர் அலகு; அது கொடுத்தது 121 மெகாவாட். மின்வெட்டோ மோசமான நாட்களில் 6,000 மெகாவாட். ஆயுள் முடிந்த நிலையத்தைப் புதுப்பிக்கச் செலவழிப்பது வீண் என்ற எஸ்காமின் கணக்கில் பொருள் இருந்தது. ஆனால் மெகாவாட் கணக்கு ஊர் மக்களின் கோபத்துக்குப் பதில் ஆகாது. வேலை போனவன் கேட்பது மின்சாரத்தைப் பற்றி இல்லையே.

கோபத்துக்கு எண்ணெய் ஊற்றியது ஐரோப்பாவின் நடத்தை. உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்ய நிலக்கரியைத் தவிர்த்த ஐரோப்பிய நாடுகள், 2022இல் தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்திலிருந்து முந்தைய ஆண்டைவிடப் பல மடங்கு நிலக்கரி வாங்கின. நிலக்கரியை விடு என்று கடன் கொடுக்கும் கை, அதே ஆண்டில் அதே மாகாணத்தின் நிலக்கரியை வாங்கியது. போர்க்கால நெருக்கடி அது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நெருக்கடி என்றால் தென்னாப்பிரிக்காவுக்கும் நெருக்கடிதானே? அந்தச் சலுகை ஒரு பக்கத்துக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

2025 மார்ச்சில் அமெரிக்கா இந்தக் கூட்டிலிருந்து விலகியது. 5.6 கோடி டாலர் மானியமும், 100 கோடி டாலர் வரை வரக்கூடும் என்றிருந்த வணிக முதலீடும் போயின. மற்ற நாடுகள் தொடர்கின்றன. இடையில் சேர்ந்த நாடுகளின் பணத்தால் மொத்த வாக்குறுதி 1,200 கோடி டாலருக்கு மேல் நிற்கிறது. ஆனாலும் ஓர் ஆட்சி மாற்றத்தில் கரையும் வாக்குறுதியை நம்பி ஒரு நாடு தன் நிலையங்களை மூடும் தேதியைக் குறிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

யாரும் எதிர்பாராத வேகம்

இந்தக் கதையில் மிக வேகமாக நடந்த பசுமை மாற்றம், கிளாஸ்கோவில் கையெழுத்தான எதனாலும் வந்ததில்லை. தனியார் மின்உற்பத்திக்கு உரிமம் வாங்க வேண்டிய வரம்பை 2021இல் 100 மெகாவாட் வரை உயர்த்தினார்கள். பிறகு அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். 2023இல் சோலார் பேனல் வாங்குவோருக்கு வரிச்சலுகை வந்தது. மின்வெட்டில் வெறுத்துப்போன வீடுகளும் கடைகளும் தொழிற்சாலைகளும் பண்ணைகளும் தங்கள் சொந்தப் பணத்தில் கூரைமேல் பேனல் ஏற்றின. எஸ்காமின் மதிப்பீட்டின்படி 2022 மார்ச்சில் 1,000 மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்த கூரைச் சூரிய மின்சாரம், 2023 நடுவில் 4,400 மெகாவாட்டைத் தாண்டியது. கூடியது மட்டுமே கோமாட்டி முழுத்திறனில் ஓடினால் வரும் மின்திறனைப் போல மூன்று மடங்குக்கு மேல், பதினைந்து மாதத்தில்.

இதைப் பார்த்து 'உதவியே தேவையில்லை, விதியைத் தளர்த்தினால் போதும்' என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்புதல் இல்லை. பேனல் ஏறியது பணம் இருந்தவர்களின் கூரையில். அவர்கள் எஸ்காமிடம் வாங்கும் மின்சாரம் குறையக் குறைய, மின்பாதைகளைப் பராமரிக்கும் செலவு வாங்க வழியில்லாதவர்கள் தலையில் கூடுகிறது. நகராட்சிகள் மின்சாரம் விற்கும் வருமானத்தில் பல சேவைகளை நடத்துபவை. அந்த வருமானமும் சுருங்குகிறது. விதியைத் தளர்த்துவதை அரசே செய்துகொள்ள முடியும். ஏழை வீட்டுக் கூரைக்கும் நகராட்சியின் ஓட்டை விழுந்த பெட்டிக்கும்தான் வெளி உதவி தேவைப்பட்டது.

மின்பாதையும் அப்படித்தான். வெயில் அதிகம் வடக்கு கேப் மாகாணத்தில், காற்று அதிகம் கடலோரக் கேப் பகுதிகளில். பெரிய மின்பாதைகளோ ம்புமலாங்காவிலிருந்து புறப்படுகின்றன. 2022 டிசம்பரில், புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்க அரசு நடத்தும் ஏலத்தின் ஆறாவது சுற்றில் 3,200 மெகாவாட் காற்றாலைக்கு இடம் வைத்திருந்தும் ஒரு மெகாவாட்கூட ஒதுக்க முடியவில்லை. கேப் பகுதிகளின் மின்தொகுப்பில் இணைக்க இடமே மிஞ்சவில்லை. பத்தாண்டில் சுமார் 14,000 கிலோமீட்டர் புதிய மின்பாதை வேண்டும் என்பது எஸ்காமின் கணக்கு. சலுகைக் கடன் அதிகம் பயன்படக்கூடிய இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

இதே காரணத்தால்தான் ம்புமலாங்காவுக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. வெயில் வடக்கு கேப் அளவுக்கு இல்லாவிட்டாலும் போதுமான அளவு உண்டு. மூடும் நிலையங்களின் வாசலில் மின்பாதை, துணை மின்நிலையம், சாலை, நீர், நிலம் எல்லாம் தயாராக நிற்கின்றன. தன் நிலையங்களைச் சுற்றியுள்ள நிலத்தை 2022இல் எஸ்காம் தனியாருக்குக் குத்தகைக்கு விடத் தொடங்கியது சரியான நடவடிக்கை. அங்கே எழும் திட்டங்களில், 50 கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள மக்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று 2011 முதல் புதுப்பிக்கத்தக்க மின்சார ஏலங்களில் இருக்கும் விதியை, பேருக்கு இல்லாமல் நிஜமாகவே நடத்தினால் நிலக்கரி கொடுக்காத ஒன்றை, அதாவது சொந்த உடைமையை, அந்த மக்கள் பெறுவார்கள்.

அடுத்த மூன்று நிலையங்கள்

கோமாட்டியைப் பார்த்து அரசு பின்வாங்கியது. வரிசையில் அடுத்து நின்ற கேம்டன், குரூட்ஃப்ளே, ஹென்ட்ரினா மூன்றையும் 2030 வரை ஓட்டுவதென்று எஸ்காம் முடிவு செய்தது. பருவநிலைக்கு இது நல்ல செய்தி இல்லை. அந்த ஊர்களின் குழந்தைகள் இன்னும் சில ஆண்டு அதே புகையைச் சுவாசிப்பார்கள். ஆனாலும் கிடைத்த அவகாசத்தை வீணாக்காமல் இருந்தால் இந்த முடிவைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அந்த மூன்று நிலையங்களிலும் இன்று வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் யார், எவருக்கு என்ன வேலை தெரியும், எவருடைய சம்பளத்தில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று பட்டியல் எடுக்க வேண்டும். வாடகை அறைக்காரர், டாக்சிக்காரர், கடைக்காரர் பெயரும் அதில் ஏற வேண்டும். இதற்கு வாஷிங்டனிலோ பிரஸ்ஸல்ஸிலோ ஒப்புதல் தேவையில்லை. எஸ்காமும் மாகாண அரசும் நகராட்சியும் தாங்களே இந்த ஆண்டே தொடங்கலாம். பட்டியல் கையில் இருந்தால், நன்கொடை நாடுகளிடம் பொத்தாம்பொதுவாகக் கோடிகளைக் கேட்காமல், இத்தனை பேருக்கு இத்தனை மாதம் உதவித்தொகை, இத்தனை பேருக்கு இன்ன பயிற்சி, இன்ன தேதிக்குள் இன்ன கூடம் என்று மானியமாகக் கேட்க முடியும். மூடும் தேதியை அந்தக் கூடத்தில் முதல் ஷிப்ட் ஓடிய பிறகு குறிப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கவும் முடியும். கடன் கொடுக்கும் நாடுகள் அந்த வரியை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும் என்று தென்னாப்பிரிக்கா வலியுறுத்த இப்போது அதற்குக் காரணமும் இருக்கிறது, 2030 வரை காலமும் இருக்கிறது.